மாத்திரையும் பீஸ் ரேட்டும்

இந்தப் பதிவைப் போட்டால் கம்பெனியில் தெரிந்துவிடும். தெரியட்டும்.

எனக்கு எச்ஐவி. திருப்பூரில் பனியன் தைக்கிறேன். தினம் ஒரு மாத்திரை, ஒரே நேரத்தில். ராத்திரி ஒன்பது என்று வைத்துக்கொண்டேன். ஆர்டர் நெருக்கினால் அந்நேரம் மெஷினில்தான் இருப்பேன். பக்கத்து மெஷின் பொண்ணு, "ஏனுங்க்கா, சுகருங்களா?" என்றாள். "சத்து மாத்திரை, கண்ணு" என்றேன்.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான சத்து மாத்திரையைத்தான் இதோடு கண்டபடி சேர்க்கக் கூடாது. வெறும் வயிற்றில் இரும்பும் கால்சியமும் சேர்ந்தால் என் மாத்திரையில் இருக்கும் டாலுடெக்ராவிர் மருந்து உடம்பில் சரியாக ஏறாது.

அரசு ஏஆர்டி மையங்களில் 2004 முதல் எச்ஐவி மருந்து இலவசம். போகிற நாள்தான் இலவசமில்லை. பீஸ் ரேட்காரிக்கு மெஷினில் உட்காராத நாளுக்குக் கூலி ஏது? இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் உடல்நிலை சீரானதும் சேர்த்து மொத்தமாக மாத்திரை கொடுத்தார்கள், அது பெரிய உதவி.

இப்போது வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. அப்படியே இருக்கும்வரை உடலுறவு வழியாக யாருக்கும் பரவாது. ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தால் என்றைக்குமே பரவாது. இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பது மாத்திரையைவிடக் கசப்பு.

எச்ஐவியைக் காட்டிப் பாகுபாடாக வேலையை விட்டு நீக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சூப்பர்வைசர் அண்ணா, நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். திங்கட்கிழமை வழக்கம்போல வருவேன். அந்த ஓவர்லாக் மெஷினை மட்டும் சரிபார்த்து வையுங்கள்.