பிளக் கறுப்பதன் பூர்வீகம்

பேசாலையோ தாழ்வுபாடோ பள்ளிமுனையோ, மன்னார்த் தீவின் எந்தக் கரையிலும் பழைய மரவள்ளத்தின் எஞ்சின் விடியற்காலையில் கிளம்ப மறுத்தால் முதலில் கழற்றப்படுவது பிளக்தான். அது கறுத்திருக்கும், நனைந்தும் இருக்கும். துடைத்து, தேய்த்து, திரும்பப் பூட்டிக் கயிற்றை இழுப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் "கரண்ட் வருகுதில்லை" என்று முடிவாகிவிடும். பிறகு கொயில், பொயின்ற், கொண்டென்சர் என்று ஒவ்வொன்றாகக் காசு கரையும். இந்தக் கோளாறு பிளக்கில் தென்படுகிறதே தவிர, பெரும்பாலும் அங்கே பிறப்பதில்லை என்பது என் கட்சி. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் பாதை எரிபொருள் தாங்கிக்குப் போகிறது. அதற்கும் அப்பால் அரசாங்கத்தின் விலை அறிவிப்புகளுக்கும், யுத்தகாலத் தடைப் பட்டியலுக்கும் போகிறது.

எந்த எஞ்சின் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் 1958 முதல் அரசின் கடன் திட்டத்தில் வழங்கப்பட்ட மூன்றரைத் தொன் படகுகளும் தொடக்கத்தில் மரப்படகுகளே. ஆனால் அவற்றின் வயிற்றில் இருந்தது டீசல் எஞ்சின். டீசலுக்குப் பொறி தேவையில்லை. அமுக்கப்பட்ட காற்றின் சூடே அதைப் பற்றவைக்கும். அங்கே கோளாறு என்றால் இன்ஜெக்டரையும் அமுக்கத்தையும் பார்க்க வேண்டும். என் தேடலுக்கு உரியவை சிறு வள்ளங்களில் தொங்கவிடப்பட்ட, கயிறு இழுத்துக் கிளப்பும் இரண்டடிப்பு வெளியிணைப்பு எஞ்சின்கள். அவற்றிலும் பொயின்ற் வைத்த பழையவை.

அவற்றின் பற்றவைப்பான மக்னெற்றோ முழுவதும் பிளைவீலின் அடியில் அடங்கிவிடுகிறது. பிளைவீலில் பதித்த காந்தம் கொயிலைக் கடந்து ஓடும்போது அதன் முதற்சுற்றில் மின்னோட்டம் எழுகிறது. பொயின்ற் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுபடுகிறது; காந்தப்புலம் குலைந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ற் பிறக்கிறது. பொயின்ற் திறப்பது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அந்த முகங்களில் உப்புக்காற்று படிய வைத்த சாம்பல்நிறப் பொடி இருந்தாலே ஓட்டம் தடுமாறும். கொண்டென்சர் ஒழுகினால் பொயின்றிலேயே தீப்பொறி தெறித்து அதைத் தின்றுவிடும். ஆகவே உப்புக்காற்றைக் குற்றஞ்சாட்டுபவர்களை நான் இலேசில் தள்ளிவிட முடியாது. மூன்று புறமும் கடல் அடிக்கும் தலைமன்னாரில் மின்சாதனம் எதுவும் நீண்டநாள் சுகமாக இருந்ததில்லை என்பது உண்மைதான்.

ஆனால் உப்பின் கோளாறுக்கும் கொயிலின் கோளாறுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. ஈரத்தால் கெட்ட பொயின்ற், வாடைக்கால மழை இரவுக்குப் பின் மக்கர் பண்ணும், உலர்த்தினால் சரியாகும். உள்ளே காப்பு வெடித்த கொயில் இதற்கு நேர்மாறு. குளிர்ந்திருக்கும்போது நன்றாக வேலைசெய்து, அரைமணி ஓடிச் சூடேறியதும் நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி உயிர்க்கும். மன்னார்க் கரையின் வழக்கமான முறைப்பாடு இந்த இரண்டிலும் சேராது. விடியலில் கிளம்பாத அதே எஞ்சின், ஒருமுறை கிளம்பிவிட்டால் மதியம் சூட்டோடு ஒரே இழுவையில் கிளம்புகிறது. குளிரில் கெட்டுச் சூட்டில் தேறும் இந்தக் குணத்தை மக்னெற்றோவின் தலையில் கட்டுவது கடினம்.

பிளக்கைத் தலைமூடியில் சாய்த்துவைத்துக் கயிற்றை இழுத்துப் பார்க்கும் கரைச் சோதனையும் பாதிச் சாட்சிதான். நீலப்பொறி தெரிந்தால் கரண்ட் சரி என்று விட்டுவிடுகிறார்கள். சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட, அடர்ந்த வாயுவைத் தாண்ட அதைவிட அதிக வோல்ற் வேண்டும். திறந்த காற்றில் குதிக்கும் சோம்பல் பொறி உள்ளே குதிக்காமல் போகலாம். வயர் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் ஐந்தாறு மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பார்ப்பதே நியாயமான பரீட்சை. அதையும் பொறி தாண்டிவிட்டு, எஞ்சின் மட்டும் விடியலில் அசையாமல் கிடந்தால் மக்னெற்றோவை விடுதலை செய்துவிடலாம்.

எஞ்சியிருப்பது இந்த எஞ்சின்களை ஓட்டும் மண்ணெண்ணெய். பெற்றோல் உறைபனிக்கும் கீழே, சுமார் மைனஸ் 40 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு அதற்குக் குறைந்தது 38 பாகை அளவாவது வேண்டும். மன்னாரின் விடியல் அந்தச் சூட்டைத் தொடுவதில்லை. காபரேற்றரில் மண்ணெண்ணெய் தேங்கி நிற்கும் குளிர்ந்த எஞ்சினுக்குப் புத்தம் புதிய கொயில் போட்டாலும், பொறி பற்றவைக்கப் போதிய ஆவி உள்ளே இருக்காது. இழுக்க இழுக்க உள்ளே போவது பனியாகத் தெறிக்கும் எண்ணெய். அது பிளக்கை நனைக்கும், பெற்றோலைப்போல உலர்ந்தும் போகாது. இரண்டடிப்பு எஞ்சினுக்காகக் கலந்த ஒயிலும் அதோடு சேர்ந்து பீங்கான் மூக்கில் பசையாகப் படியும். பிறகு எப்படியோ கிளம்பினாலும் அரைகுறை எரிதலில் அந்தப் பசை கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். இடைவெளியைத் தாண்ட வேண்டிய ஓட்டம் பீங்கான்மீது ஊர்ந்து இரும்புக் கூட்டுக்குள் இறங்கிவிடும். துடைத்ததும் பிளக் நன்றாகப் பொறிவதால் பழி பிளக்கின்மேலேயே விழுகிறது.

பீங்கான் மூக்கு ஏறத்தாழ 500 பாகைச் சூட்டை எட்டினால் தன் கரியைத் தானே எரித்துவிடும். ஆழம் குறைந்த பாக்குநீரிணைப் பக்கத்தில் மணல்திட்டுகளுக்கும் வலைகளுக்கும் இடையே மெல்ல ஊர்ந்து, வலை வாங்கும்போது மிதவேகத்தில் கிடக்கும் எஞ்சின் அந்தச் சூட்டை எட்டுவது அரிது. இதற்குச் சற்றுச் சூடான பிளக் போடலாம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது (கண்ணியைச் சொல்கிறேன்): என்.ஜி.கே.யில் எண் குறையக் குறையப் பிளக் சூடானது, பொஷ்ஷில் எண் கூடக் கூடச் சூடானது. கடையில் ஒன்றில்லையென்று மற்றதை அதே எண்ணில் வாங்கினால் பொருந்துமென்று நம்ப முடியாது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் மன்னார்க்காரர் கண்டுபிடித்த குறுக்குவழி என்று யாரும் நினைக்க வேண்டாம். கிளாஸ்கோவில் பேர்கியஸ் கம்பனி செய்த கெல்வின் எஞ்சின்கள் ஸ்கொட்லாந்து மீன்பிடிப் படகுகளில் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. பெர்குசன் ட்ரக்ரரிலும் அப்படி ஒரு வகை இருந்தது. அமுக்கத்தைக் குறைத்து, வெளிப்போக்கியின் சூட்டால் எண்ணெயை ஆவியாக்கினார்கள். யமஹா இன்றும் மண்ணெண்ணெய்க்கென்றே வெளியிணைப்பு எஞ்சின்களை விற்கிறது. இவை எல்லாவற்றிலும் நிபந்தனை ஒன்றே: கிளம்புவது பெற்றோலில், சூடேறியபின் மண்ணெண்ணெய், நிறுத்துமுன் மறுபடி பெற்றோல். செய்தவர்களுக்கு இந்தக் கோளாறு முன்பே தெரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

அந்த நிபந்தனை ஏன் இந்தக் கரையில் தேய்ந்தது? குப்பிவிளக்குக்கும் அடுப்புக்குமான ஏழையின் எண்ணெய் என்று மண்ணெண்ணெய்க்கு நெடுங்காலம் மானியம் கிடைத்தது. மலிவு, எஞ்சினை அதன் பக்கம் இழுத்தது. 1990இல் மீண்டும் யுத்தம் மூண்டபின், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குள் பெற்றோலும் பற்றறியும் போவது தடைப்பட்டது. 2002இன் தொடக்கத்தில் தடை தளரும்வரை வடக்கில் மோட்டார்சைக்கிள்கூட மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சிக் கிளப்பினார்கள். பற்றறி கேட்காத மக்னெற்றோ அந்த நாட்களில் எஞ்சினைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும். கிளப்பத் துளிப் பெற்றோலாவது தேடினார்கள்; நிறுத்தும்போது அதைச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்?

யுத்தத்தோடு போன கதை என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாக ஏறியபோது கடற்றொழிலாளர் தெருவில் இறங்கினார்கள். சிலாபத்தில் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். 2022 ஓகஸ்ற்றில் 87 ரூபா ஒரே இரவில் 340 ஆனது. அன்று பெற்றோல் 450. விலை இடைவெளி இவ்வளவு ஒடுங்கியபின் பெற்றோலுக்கே மாறிவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. மண்ணெண்ணெய்க்காக அமுக்கம் குறைத்த எஞ்சினில் முழுநேரமும் பெற்றோலை ஊற்றினால் அதன் வலுவில் ஒரு பங்கு வீணாகத்தான் போகும். லீற்றருக்கு அன்றைய 110 ரூபா வித்தியாசமும் நாள் முழுக்க ஓடும் தொழிலில் சிறிய தொகையல்ல.

ஆனால் கரை கண்ணில் பட்டதும் குழாயைப் பெற்றோல் தாங்கிக்குத் திருப்பி, காபரேற்றரில் கிடக்கும் மண்ணெண்ணெய் தீரும்வரை சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவதற்கு அந்தச் செலவு வராது. அரைக் கோப்பைப் பெற்றோல்கூட ஆகாது. இதைத் தொடர்ந்து செய்தும் விடியலில் பிளக் ஈரமாக வந்தால், அப்போது பிளைவீலைக் கழற்றிப் பொயின்றைப் பார்க்கலாம். பிளைவீலின் சாவி தேய்ந்து பற்றவைப்பு நேரம் தவறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.