ஒட்டு நோட்டு

உப்பளத்தில் உழைப்பவன் உப்பின் சுவையைப் பேச வந்தது போலத்தான், அலுவலக எழுத்தன் ஒருவன் காகிதத்தின் அருமையைப் பேச வருவதும். மைய அரசின் அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு வாழ்ந்து வருகிறேன். வரும் காகிதத்துக்கு எண் இடுதல், உரிய கோப்பில் கோத்தல், காலம் கடந்ததும் களைதல் ஆகிய மூன்றும் என் பணி. எந்தக் கோப்பை எத்தனை ஆண்டு காப்பது என்பதற்கு எங்களிடம் விதி உண்டு. என்றும் காக்க வேண்டியவை 'ஏ' என்றும் 'பி' என்றும் வகைப்படும். குறித்த காலம் வரை மட்டும் காக்க வேண்டியவை 'சி' எனப்படும். காலம் முடிந்ததும் அவை அழிவுக்கு உரியவை. இவ்விதியை நான் நன்கு அறிவேன். ஆயினும் ஒருமுறை, அலுவலகத்தில் அல்ல, என் சொந்த வீட்டிலேயே வகை தவறிவிட்டேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

என் ஊர் அகளி. பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் உள்ளது. மண்ணார்க்காட்டிலிருந்து வருவோர் சுரமேறி, முக்காலி கடந்து வருவர். கோவையிலிருந்து வருவோர் ஆனைகட்டியில் எல்லை தாண்டி வருவர். கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே பாய்கின்றன. கிழக்கு நோக்கிச் செல்லும் மூன்றனுள் ஒன்றாகிய பவானி எங்கள் பள்ளத்தாக்கின் வழியே தமிழகத்துக்குப் போகிறது. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய தொல்குடியினரும், கோவைப் பக்கத்திலிருந்து வந்து குடியமர்ந்த தமிழரும், மலையாளத்தாரும் கலந்து வாழும் ஊர் அது. ஒரு படி ராகி வாங்கி முடிப்பதற்குள் மூன்று மொழி காதில் விழும். வீட்டில் எனக்குத் தமிழ், பள்ளியிலோ மலையாளம். ஆகவே ஏழு வயது வரை நான் தமிழ் பேசத் தெரிந்தவனேயன்றி எழுத்தறிந்தவன் அல்லேன்.

என் அன்னை மேட்டுப்பாளையத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்து, மணமாகி அகளிக்கு வந்தவர். அவர் கொணர்ந்த தகரப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஐந்து தடித்த புத்தகங்கள் இருந்தன. அவை கடையில் வாங்கியவை அல்ல. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்தபோது, என் பாட்டி வாரந்தோறும் அந்தப் பக்கங்களை மட்டும் கழற்றி அடுக்கி, ஒவ்வொரு பாகம் முடிந்ததும் ஊசி நூல் கொண்டு தானே தைத்துக் கட்டியவை. அக்காலத் தமிழ் வீடுகளில் இஃது ஒரு பெருவழக்கு. தொடர்கதையைக் கிழித்து எடுத்துக் கட்டிவைத்த குடும்பங்கள் பல. மணியத்தின் ஓவியங்களோடு கூடிய அத்தொகுதிகள் தாய்வழியாக மகளுக்குச் சீதனமாய்ப் போனதும் உண்டு. மேலைநாட்டில் இதனை ஒத்த பழக்கம் வாணிபமாகவும் வளர்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின், பசை தடவி வைத்த தாள்களைக் கொண்ட ஒட்டேடு ஒன்றுக்கு 1873ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எங்கள் பாட்டிமார்க்குக் காப்புரிமை ஏது? மைதாவும் நூற்கண்டும் போதுமானவையாய் இருந்தன.

அத்தொகுதிகளின் துணைகொண்டே அன்னை எனக்குத் தமிழ் கற்பித்தார். வழியோ புதுமையானது. காலியான தீப்பெட்டிகள் முப்பதைச் சேர்த்து, வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசையில் அடுக்கி ஒட்டினார். தள்ளினால் திறக்கும் முப்பது சிறு அறைகள் அமைந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் பழைய சட்டைப் பொத்தானைத் தைத்துப் பிடி வைத்தார். தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது என வகுத்ததை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, உயிர் பன்னிரண்டுக்கும் மெய் பதினெட்டுக்கும் கணக்காய் அறைகள் இருந்தன. நாளிதழ்த் தலைப்புகளிலிருந்து பெரிய எழுத்துகளைக் கத்தரித்து அந்தந்த அறையில் இடுவது என் மாலைநேர வேலை. ககர வரிசை முழுவதும் 'க்' அறையில் அடங்கும். ஆய்தம் மட்டும் அறையின்றி நின்றது. அதற்கு ஒரு மருந்துக் குப்பியின் மூடி கிடைத்தது. பின்னர் அவ்வெழுத்துகளைத் தாளில் ஒட்டிச் சொல்லாக்குவேன். ஆக்கிய சொல்லைப் பாட்டி கட்டிய புத்தகத்தில் தேடிக் காண்பேன். நான் முதன்முதலில் ஒட்டிப் படித்த நெடுஞ்சொல் 'வந்தியத்தேவன்' ஆகும்.

இவ்வாறு தொடங்கியதே எங்கள் வீட்டு 'ஒட்டு நோட்டு'. கோடிட்ட பழைய கணக்கேடுகளில் எழுதாத பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, திருமண அழைப்பிதழ் அட்டைகளை இரண்டு மூன்றாக ஒட்டி மேலட்டையாக்கி, கிழிந்த புடவையின் கரையை முதுகுக்குப் பட்டையாக ஒட்டுவார். தாள்களை மடித்து நடுவில் ஐந்து துளையிட்டு, நடுத்துளையில் நூலைத் தொடங்கி அங்கேயே முடிச்சிடுவார். பசை காய்ச்சுவதில் அவர் கைப்பக்குவம் தனி. ஒரு பங்கு மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, ஐந்து பங்கு நீர் சேர்த்துச் சிறுதீயில் துழாவுவார். மாவின் வெண்மை மாறிக் கண்ணாடி போலாகும் தறுவாயில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பார். மாவுப்பசையை நாடிவரும் பூச்சிகளை அது விலக்கும். நஞ்சாதலின் அந்தக் கிண்ணத்தைச் சமையலுக்கு எடுக்கலாகாது. எனக்கும் அதைத் தொட அனுமதி இல்லை.

ஒட்டும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. துணுக்கின் முதுகு முழுவதும் பசை தடவ அன்னை ஒருபோதும் இசையார். இடப்பக்க ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டுமே தடவுவார். துணுக்கு கதவு போலத் திறந்து மூடும். "பின்னாடி என்ன இருக்குதோ, யார் கண்டா? அதையும் மூடிப் போடக்கூடாது" என்பார். செய்தித்தாளின் மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் மிகுதியாக இருத்தலின், ஒளியும் காற்றும் பட அது பழுப்பேறும் என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தேன். நோட்டுகளை அவர் இருண்ட பெட்டியில் வைத்ததன் காரணமும் அப்போதே விளங்கிற்று. அறிவியல் பின்னே வந்தது. அனுபவம் முன்னே போயிற்று.

இனி என் பிழைக்கு வருகிறேன். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளம் முழுவதும் வெள்ளத்தில் தத்தளித்தபோது, எங்கள் வீட்டுக் கூரையும் ஒழுகிற்று. கோவையிலிருந்து நான் அகளி போய்ச் சேரச் சில நாட்களாயின. தகரப் பெட்டிக்குள் நீர் புகுந்திருந்தது. பாட்டியின் ஐந்து தொகுதிகளும், நான் சிறுவனாயிருந்தபோது உருவான முதல் இரண்டு ஒட்டு நோட்டுகளும் ஓரங்களில் ஊறியிருந்தன. அன்னை அன்று உறவினர் வீட்டில் இருந்தார். எனக்கோ மறுநாள் அலுவலகம். 'கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கின்றன. இந்தப் பூஞ்சணம் எதற்கு?' என்று எண்ணினேன். என்னுள் இருந்த எழுத்தன் 'சி' என்று வகைப்படுத்தினான். பழைய காகிதக் கடைக்காரர் 12 கிலோ எனக் கண்டு, ஈரத்துக்காக ஒரு கிலோ கழித்து, 110 ரூபாய் கொடுத்தார்.

அன்னை திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார், மூடினார். வைதிருந்தால் ஆறியிருப்பேன். நெடுநேரம் கழித்து, "கதை கடையில கெடைக்கும் கண்ணு. முதுகுப் பக்கம் கெடைக்குமா?" என்றார்.

அதன் பிறகே முழுச் செய்தியும் வெளிவந்தது. பாட்டி ஒவ்வொரு வாரப் பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஏதேனும் குறிப்பது வழக்கமாம். மழை பெய்தது, பசு ஈன்றது, பருத்தி விலை போயிற்று என ஒரு வரி. அன்னை பிறந்தது 1952இல். பிறந்த நாளும் நேரமும் அந்த வாரத்துப் பக்க ஓரத்தில் இருந்தன. மறு ஆண்டுப் பக்கம் ஒன்றில் பாப்பா இன்று நடந்தாள் என்றும் இருந்ததாம். அப்பென்சில் கோடுகளைச் சிறுவயதில் நான் கண்டதுண்டு, கருதியதில்லை. ஆதார் அட்டையில் அன்னையின் பிறந்த நாள் சனவரி 1 என்றே உள்ளது. நாள் அறியாதோர் பலருக்கும் அந்நாளே பதிவாவதை அலுவலகத்தில் நாள்தோறும் காண்பவன் நான். பிறந்த நாளுக்குச் சான்று எங்கே என்று பிறரைக் கேட்டுக் காகிதத்தைத் திருப்பி அனுப்பிய கையே, அன்னைக்கு இருந்த ஒரே சான்றை எடை போட்டு விற்றது. மறுவாரம் கடைக்கு ஓடினேன். சரக்கு லாரி போய்விட்டிருந்தது. ஆவணி மாதம் என்பது மட்டும் அன்னைக்கு நினைவிருக்கிறது, தேதி இல்லை.

கழுவாயாக அச்சிட்ட ஐந்து பாகங்களையும் வாங்கிக் கொடுத்தேன். அன்னை நூல்களை அலமாரியில் வைத்தார். அவை வந்த அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். மறுநாள் பார்க்கையில் அப்பெட்டி இரண்டு மேலட்டைகளாக மாறி, புதிய ஒட்டு நோட்டுக்கு உறுப்பாகியிருந்தது. சினத்தைக் காட்ட அவர் அறிந்த வழியும், மன்னிக்க அறிந்த வழியும் அஃதொன்றே என எண்ணுகிறேன்.

சமையலறைப் பரணில் இருந்ததால் மூன்றாம் நோட்டு மட்டும் பிழைத்திருந்தது. அதை அன்றுதான் நான் முழுமையாகப் படித்தேன். 2013ஆம் ஆண்டுப் பக்கங்களில், அட்டப்பாடியில் ஊட்டமின்மையால் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்திகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. கோவைப் பதிப்பு நாளிதழில் எங்கள் ஊர்ப்பெயர் அவ்வளவு தடித்த எழுத்தில் வந்தது அப்போதுதான். "இந்தத் துயரத்தையெல்லாம் ஏன் ஒட்டிவைத்தீர்கள் அம்மா?" என்றேன். "நல்லதுக்கு வந்தாத்தான் நம்ம ஊரா?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. அச்செய்திகளை அடுத்து இரண்டு பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தார். காகிதத்தை ஒருபோதும் வீணாக்காத என் அன்னை வேண்டுமென்றே விட்ட வெற்றிடம் அஃதொன்றே.

நான்காம் நோட்டில் வேறு காற்று வீசுகிறது. 2022 சூலையில் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, 'அய்யப்பனும் கோசியும்' படத்தில் பாடிய அட்டப்பாடி இருளப் பெண்மணி நஞ்சம்மாள் சிறந்த பின்னணிப் பாடகியாகத் தேர்வானார். அவர் சிரிக்கும் படம் ஒரு பக்கம் முழுவதும் உள்ளது. கதவு போல் திறந்தால், முதுகுப் பக்கத்தில் வெங்காய விலை. 2024ஆம் ஆண்டுப் பக்கத்தில் குடைகள். 'தம்பு' என்னும் அமைப்பின் முயற்சியால் எங்கள் பகுதிப் பழங்குடிப் பெண்கள் கையால் பொருத்தித் தைக்கும் 'கார்த்தும்பி' குடைகளைப் பற்றி, அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் பிரதமர் தம் வானொலி உரையில் எடுத்துரைத்தார். வட்டலக்கிக் கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்தின் மேற்பார்வையில் அவை உருவாகின்றன. கம்பியும் துணியும் நூலும் எங்கும் கிடைப்பவையே. அவற்றை ஒரு மழைக்காலத்துக்குக் கூலியாக மாற்றுவது கைத்திறன். அச்செய்தியின் அருகில் அன்னை ஒரு சிறு துண்டுக் குடைத்துணியையும் தைத்து வைத்திருக்கிறார்.

எளிய பொருளில் பெரிய கல்வி அடங்கும் என்பதற்கு நாடறிந்த சான்றும் உண்டு. 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்துக் ஹோஷங்காபாத் பகுதிக்குச் சென்ற அரவிந்த் குப்தா என்னும் பொறியாளர், தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வுக் குழாய்த் துண்டுகளையும் இணைத்து, முக்கோணமும் கனசதுரமும் அமைத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு வடிவியல் கற்பித்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தீக்குச்சி அவர் பங்குக்குப் போயிற்று. தீப்பெட்டி என் அன்னையின் பங்குக்கு வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இன்று என் மகளுக்கு ஒன்பது வயது. கோவையில் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் திணறுவாள். என் கதையே வேறோர் எல்லையில் மீண்டும் நிகழ்கிறது. சனிக்கிழமைதோறும் அவளை அகளிக்கு அழைத்துச் செல்கிறேன். அடுப்பு மூட்டத் தீப்பெட்டி எடுப்போர் குறைந்துவிட்டனர். முப்பது பெட்டி சேர்ப்பது எளிதன்று. பாட்டியும் பேத்தியும் இரத்த அழுத்த மாத்திரை வரும் சிறு அட்டைப் பெட்டிகளைக் கொண்டு அறைகளை அமைத்துவிட்டனர். ஆய்தத்துக்கு இப்போதும் மூடிதான்.

சென்ற மாதம் ஐந்தாம் நோட்டு தைத்து முடிந்தது. இம்முறை பிழை நேரலாகாது என்று பேனாவை எடுத்து, அட்டையின் மூலையில் என் அலுவலக வழக்கப்படி ஆங்கில எழுத்தில் 'ஏ' என்று இடப்போனேன். அன்னை கையைத் தடுத்து அது என்ன என்று வினவினார். என்றும் காக்க வேண்டியது என்பதற்கான குறி என விளக்கினேன்.

"அதுக்கு எதுக்குக் கண்ணு இங்கிலீசு?" என்றார்.

மகள் எழுந்து போய் முதல் அறையைத் திறந்தாள். நாளிதழில் கத்தரித்த ஒரு பெரிய 'அ'வை எடுத்து வந்தாள். ஒரு விரல் அகலம் மட்டும் பசை தடவி, அட்டையின் மூலையில் ஒட்டினாள்.