மல்லார்டு என்று எழுதியிருந்தால் மல்லார்டா?

மைக் செட் தொழில் செய்தவர்கள் வீட்டுப் பரணில் இன்றும் ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் கிடக்க வாய்ப்புண்டு. டிரான்சிஸ்டர் பெட்டி வந்ததும் ஓரங்கட்டப்பட்டது அது. ஆனாலும் ஆடி மாதம், வைகாசித் தேர் என்றால் மரத்தில் கட்டிய குழாயில் பழைய பாட்டு வால்வு செட்டில்தான் ஓட வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இன்னும் இருக்கிறார்கள். வால்வு சத்தம் உண்மையிலேயே இனிமையா, இல்லை பழைய நினைப்பா என்ற சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியில் வால்வு போய்விட்டால் எதை வாங்கி மாட்டுவது என்பதுதான் இங்கே விஷயம்.

ஒருவரின் பெட்டியில் ஈ.எல்.34 ஜோடி இருக்கிறது, அதில் ஒன்று பிளேட் சிவந்து செத்துப்போனது என்று வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியலைப் பார்க்கிறார். மல்லார்டு, டங்சால், கோல்டு லயன், எலக்ட்ரோ ஹார்மனிக்ஸ், சோவ்டெக்... ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. அப்பா காலத்தில் மல்லார்டுதானே போட்டார்கள், இங்கிலாந்து சரக்கு, அதையே வாங்குவோம் என்று வாங்குகிறார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ரஷ்யாவில் செய்தது என்று இருக்கிறது!

ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. மல்லார்டு ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் வால்வு செய்த கம்பெனி. டங்சால் அமெரிக்காவுடையது. அந்தப் பழைய தொழிற்சாலைகள் எல்லாம் வால்வு செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டன. பெயர்கள் மட்டும் கைமாறின. மேலே சொன்ன ஐந்து பெயரும் இன்று நியூ சென்சார் என்ற ஒரே அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருக்கின்றன. ஐந்தும் ரஷ்யாவின் சரதோவ் ஊரில் ஒரே ஆலையில் செய்யப்படுகின்றன. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கியதும், ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது இந்த ஐந்துக்கும் ஒரே நேரத்தில் ஆர்டர் எடுப்பது நின்றுபோனது. கொஞ்ச நாளில் சரக்கு மறுபடி வந்தது, விலை ஏறித்தான் வந்தது. ஐந்து பெயரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பலருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. சேலம் - நாமக்கல் ஆலைகளில் ஆகும் ஜவ்வரிசி, 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் சங்கம் மூலமாகவும் நேரடியாகவும் வடக்கே போகிறது. அங்கே வியாபாரி தன் பெயர் அடித்த பாக்கெட்டில் போட்டு விற்கிறார். ஆலை ஒன்றுதான், பை வேறு. ஆனால் ஜவ்வரிசியில் தரம் பிரிக்கிற வேலையும் இருக்கிறது அல்லவா? வெள்ளை எது, பழுப்பு எது என்று பார்த்துப் பிரித்தவனின் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. வால்விலும் அதே கதைதான். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்தது.

அதாவது பெயர் மாற்றி விற்பவர்களில் இரண்டு ரகம். வெறும் எழுத்தை அச்சடித்து விலையை ஏற்றுபவர் ஒரு ரகம். வாங்கிய சரக்கைச் சோதித்து, ஒத்துப்போகிற வால்வுகளை ஜோடி சேர்த்துத் தருபவர் இன்னொரு ரகம். அமெரிக்காவில் 1979-ல் தொடங்கிய குரூவ் டியூப்ஸ் இரண்டாவது ரகத்துக்கு நல்ல உதாரணம். வால்வுகளை அளந்து 1 முதல் 10 வரை நம்பர் போட்டு விற்றார்கள். சின்ன நம்பர் என்றால் சீக்கிரமே சத்தம் கரகரக்கும் (கிட்டார்காரர்களுக்கு அதுதான் வேண்டும்). பெரிய நம்பர் என்றால் கடைசி வரை சுத்தமாக வரும். கோயில் மைக்குக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை :)

பழைய காலத்தில் எல்லாம் ஒரிஜினல்தான் என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஹாலந்தின் பிலிப்ஸ், இங்கிலாந்தின் மல்லார்டு, ஜெர்மனியின் வால்வோ, அமெரிக்காவின் ஆம்பரெக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். ஒருவர் ஆலையில் ஆனது இன்னொருவர் பெயரில் போகும். நம்ம பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வு செய்ய ஆரம்பித்ததும் பிலிப்ஸ் தொழில்நுட்பத்தோடுதான். 'பி.இ.எல்.' என்று எழுதிய ஈ.சி.சி.83, ஈ.எல்.84 வால்வுகளை நம்ம ஊர் சரக்குதானே என்று ஒதுக்குகிறவர்கள், அந்தக் குடும்ப உறவை மறந்துவிடுகிறார்கள். (ஈ.எல்.84-க்கு ஒன்பது கால், சின்னது. ஈ.எல்.34 சாக்கெட்டில் ஏறாது. பெயரில் 'ஈ.எல்.' இருக்கிறதே என்று வாங்கிவிட வேண்டாம்.)

பழைய சரக்கு என்று சொல்லி யாராவது விற்க வந்தால் என்ன பார்ப்பது? மேலே இருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். மல்லார்டின் அசல் எழுத்தே விரல் பட்டால் அழியும். அதனால் எழுத்தை அழித்து வேறு பெயர் அடிப்பது சுலபம். கண்ணாடி மங்கி, கால்கள் தேய்ந்து, எழுத்து மட்டும் புத்தம் புதுசாகப் பளபளத்தால் சந்தேகப்படலாம். பிலிப்ஸ் குடும்ப வால்வில் கண்ணாடியின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் இரண்டு வரிக் குறியீடு இருக்கும். முதல் வரியில் ரகம். ஈ.எல்.34 என்றால் 'எக்ஸ்.எஃப்.' என்று தொடங்கும். இரண்டாம் வரி 'பி' என்று தொடங்கினால் பிளாக்பர்ன் ஆலை. அடுத்து வருஷத்தின் கடைசி எண், பிறகு மாதத்துக்கு ஓர் எழுத்து. டெலிபங்கன் ஈ.சி.சி.83 என்றால் அடிக் கண்ணாடியில், கால்களுக்கு நடுவே, வைர வடிவம் அச்சில் வார்த்தே இருக்கும். உச்சியில் உள்ள வெள்ளிப்பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அது எந்த மகாராஜா கம்பெனியாக இருந்தாலும் அலமாரிக்குத்தான் ஆகும்.

இவ்வளவு கவலை எதற்கு என்றால், போவது வால்வோடு நிற்பதில்லை. ஈ.எல்.34-ன் பிளேட் தாங்குவது 25 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருக்கும் பெட்டியில், பாட்டு ஓடாத நேரத்தில், ஒவ்வொன்றும் 35 மில்லி ஆம்பியர் இழுத்தால் சுமார் 16 வாட்; நிம்மதி. ஜோடி ஒத்துப்போகாமல் ஒன்று 20, இன்னொன்று 50 இழுத்தால்? இரண்டாவது 22.5 வாட்டில் வேகும். அது மட்டுமில்லை, அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரண்டு பக்கமும் சமமாக ஓட வேண்டிய கரண்ட் ஒரு பக்கம் சாய்ந்து, ஹம் ஏறி, கீழ்ச் சுருதி மெலியும். ஒரு வால்வு உள்ளேயே ஷார்ட் ஆனால் டிரான்ஸ்பார்மரே எரியலாம். வால்வு இன்றும் செய்கிறார்கள், அந்தப் பழைய டிரான்ஸ்பார்மரை யார் செய்கிறார்கள்? போர் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. ஆனால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுற்றுகளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்த கை எல்லாக் கடையிலும் இருக்காது.

அதனால் செலவு செய்வதென்றால் பெயருக்கு வேண்டாம், அளவுக்குச் செய்யலாம். ஒரே ஆலை, ஒரே கட்டுமானம், ஜோடிக்கு மில்லி ஆம்பியர் எழுதிக் கொடுத்தது, இது போதும். விலை குறைந்த சோவ்டெக்கோ, ஸ்லோவாக்கியாவின் சாட்சா ஊரில் ஆகும் ஜே.ஜே.யோ, அளந்த ஜோடியாக வந்தால் அளக்காத பெரிய பெயரைவிட மேல். முன்பக்கம் வரும் ஈ.சி.சி.83-க்கு இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை. பென்சிலால் தட்டினால் குழாயில் டிங் என்று பலமாகக் கேட்காமல் இருந்தால் சரி.

6 எல் 6 வால்வு போட்டிருந்த பெட்டியில் ஈ.எல்.34 மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 6 எல் 6-ன் ஹீட்டர் 0.9 ஆம்பியர், ஈ.எல்.34 இழுப்பது 1.5. ஜோடிக்கு 1.2 ஆம்பியர் கூடுதல். மெயின் டிரான்ஸ்பார்மர் சூடாகிவிடும். ஒன்றாம் காலின் இணைப்பும் மாறும், பயாஸும் மாறும்.

புது ஜோடி மாட்டும் நாளில் குழாய் யூனிட்டை இணைக்காமல் சுவிட்சைப் போடவே கூடாது. பெட்டியைத் திறந்து அளக்கும் வேலையை ரேடியோ மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. 450 வோல்ட் விளையாட்டில்லை, சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் நிற்கும். அவர் வால்வின் கத்தோடு காலில் ஒரு ஓம் ரெசிஸ்டர் வைத்துவிட்டால், மீட்டரில் ஒரு மில்லி வோல்ட் என்றால் ஒரு மில்லி ஆம்பியர். அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு பிளேட்டையும் பார்க்கலாம். ஹீட்டர் ஆரஞ்சாக எரியும், பிளேட் சிவக்கக் கூடாது. கழற்றிய ஜோடியில் பிழைத்திருக்கும் ஒற்றை வால்வைத் தூக்கிப் போடாமல், எத்தனை மில்லி ஆம்பியர் என்று துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டி வைத்தால், பின்னால் அதே அளவில் ஒன்று கிடைக்கும்போது ஜோடியாகிவிடும்.