தட்டினால் தெரிந்துவிடும்



அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் பழைய வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்குமே, அந்த மாதிரி வண்டி. "மாமா, பக்கச் சுவர் ஃபைபர் உப்பிக்கிட்டு நிக்குது. மேலே பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிடலாமா?" என்று போனில் கேட்டான். வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா என்று சிரிக்காதீர்கள். இதே வியாதியை மரக்காணம் பக்கம் ஒரு படகில் அப்போதுதான் பார்த்திருந்தேன். திண்டிவனத்திலிருந்து 35 கி.மீ. தானே. படகு என் பழைய மாணவனுடையது.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகிவிட்டது. கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக வைத்து ரெசின் தடவி இறுக வைத்ததுதான் ஃபைபர். மேலே ஜெல்கோட் என்று வழுவழுப்பான தோல். மணலில் இழுக்க இழுக்க அந்தத் தோல் கீறும். கீறல் வழியே உப்புத் தண்ணீர் இறங்கி அடுக்குகளைப் பிரித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் 'டக்' என்கும், பிரிந்த இடம் 'பொத்' என்கும்.

என் மாணவனுக்கு மேலே பட்டி பூசிவிட்டு மறுநாளே இறங்க வேண்டும். அவனைக் குறை சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப் படகுக்காரன் நாலு காசு பார்ப்பதே அந்த நாட்களில்தான். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. உளியால் அணியத்தின் ஓரத்தைப் பெயர்த்தார். உள்ளேயிருந்து தண்ணீர் வடிந்தது. பக்கத்தில் நின்ற அவன் மனைவி, "ஒரு வாரம் கடன வாங்கித் தின்னுக்கலாம். நாலு பேர் போற படகு. நீங்க அறுங்கண்ணா" என்றாள்.

அறுத்து, நன்றாகக் காயவிட்டார்கள். பிறகு கிரைண்டரால் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்தார்கள். கனம் 5 மி.மீ. என்றால் சரிவு 60 மி.மீ. வரை போக வேண்டுமாம். செங்குத்தாக வெட்டி ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே மறுபடி விடும். அசிட்டோனால் துடைத்து, பாயை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குமிழி இல்லாமல் ரோலரால் அழுத்தினார்கள். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்துவிட்டுத்தான் கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். மேஸ்திரி எட்டாவதுதான் படித்தவர், இதில் கறாராக இருந்தார். ஆனால் அந்தத் தூசியில் மூக்கில் துண்டுகூட இல்லை! விழுப்புரம் போனபோது நல்ல முகமூடி நாலு வாங்கி வந்து கொடுத்தேன். போட்டார்களா என்று கேட்காதீர்கள்.

மருமகனுக்குச் சொன்னது இது: உன் வண்டிச் சுவரில் மெல்லிய ஃபைபர் தோல், அதற்குப் பின்னால் பிளைவுட், அதற்கும் உள்ளே தெர்மாகோல் மாதிரி ஒன்று இருக்கும். ஜன்னல் ஓரமோ கூரை மூட்டோ எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பார்த்து அடை. பிளைவுட் கெட்டியாக இருந்தால் காயவிட்டு, சின்ன ஓட்டை போட்டுப் பசை ஏற்றி, பலகை வைத்து இறுக்கு. மக்கியிருந்தால் தோலை உரித்துப் பிளைவுட்டை மாற்றத்தான் வேண்டும். "செலவு ஆகுமே மாமா" என்றான். ஆகும்.

எட்டாம் நாள் மாணவன் நாணயத்தை என் கையில் கொடுத்து, "நீங்களே தட்டிப் பாருங்க சார்" என்றான். அணியம் முழுக்க ஒரே சத்தம். அன்று பின்னிரவிலேயே படகை இறக்கினார்கள். காலையில் ஒரு பை சங்கரா வீடு தேடி வந்தது.