கிரேனை இறக்காத ஊர்

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராதுப்பா" என்று நழுவப் பார்த்தேன். "கவிதை நாற்பது வந்து குவிஞ்சிருக்கு. அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன்" என்றார். ஆகவே நண்பர்களே, இது கவிதை இல்லை. என் மாமாவும் அத்தையும் ஜெர்மனியில் ஒரு குளிர்காலத்து நாளில் ஊர் சுற்றிய கதை. நான் ஜெர்மனிக்குப் போனதில்லை. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் அந்த ஒரு நாள் என் படிப்பைக் காப்பாற்றியது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாள் வேலைக்குப் போகிறவர். அம்மாவின் தம்பிதான் மாமா. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சமையலில் வெங்காயம் உரிக்கத் தொடங்கியவர். படிப்படியாக வளர்ந்து, ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கும் இந்திய ஓட்டலுக்குச் சமையல் மாஸ்டராகப் போனார். என் கல்லூரிக் கட்டணம் அங்கிருந்துதான் வருகிறது.

நாலு வருஷத்தில் மாமா பார்த்த ஜெர்மனி என்ன தெரியுமா? கீழே அடுப்படி, மேலே படுக்கும் அறை, நடுவில் பதினெட்டுப் படி. அவ்வளவுதான். 2024 கடைசியில் விசா கிடைத்து அத்தை போய்ச் சேர்ந்த பிறகுதான், "ஒரு நாளாவது எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்று பேச்சு வந்தது. ஓட்டலுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாமா எனக்குப் போன் போட்டார்.

"மாப்ள, நீதான் படிச்சவன். ரயில்ல ஒரு மணி நேரத்துல கொலோன்னு ஒரு ஊரு இருக்காம். அங்க என்ன பாக்கலாம்னு பாத்துச் சொல்லு."

'நீதான் படிச்சவன்' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. முதலாண்டு பொறியியல் வரைபடப் பாடத்தில் எனக்கு அரியர். இரண்டாம் முறை எழுதியும் போய்விட்டது. முன் தோற்றம், மேல் தோற்றம் எல்லாம் கொடுத்து முழு உருவத்தை வரையச் சொன்னால் எனக்குக் கண்ணைக் கட்டும். வீட்டிலும் மாமாவிடமும் 'ஆல் பாஸ்' என்று சொல்லியிருந்தேன். பொங்கல் முடிந்ததும் பேசாமல் அப்பாவோடு வேலைக்குப் போய்விடலாம் என்று மனசுக்குள் முடிவும் செய்திருந்தேன்.

இருந்தாலும் கேட்டதற்குச் சொல்ல வேண்டுமே. இரண்டு நாள் நூலகத்திலும் செல்போனிலும் தேடிப் படித்து, ஒரு தாளில் வரிசை போட்டு, படம் எடுத்து அனுப்பினேன்.

2025 ஜனவரி. நான் லேப் முடித்து வெளியே வந்தபோது மணி நாலு. அங்கே காலை பதினொன்றரை. வீடியோவில் மாமாவின் மூக்குதான் முதலில் தெரிந்தது, மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து. பக்கத்தில் அத்தை. சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் மாமாவின் பழைய கோட்டு.

"காலைல எட்டு மணிக்கும் விடியலடா தம்பி. நான் கடிகாரம் நின்னு போச்சுன்னு நெனச்சேன்" என்றார் அத்தை. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. அவருக்கே அது வேடிக்கையாக இருந்ததால் இரண்டு முறை ஊதிக் காட்டினார்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே எதிரில் நிற்கிறது கொலோன் பேராலயம். மாமா போனை மேலே தூக்கினார். தூக்கிக்கொண்டே போனார். கோபுரம் முடியவில்லை. 157 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1880 முதல் 1884 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான்.

"என்னடா இது, விறகடுப்பு வச்ச சமையக்கட்டு மாதிரி கறுத்துக் கெடக்கு?" இது அத்தையின் முதல் கேள்வி.

"புகைதான் அத்தே. நிலக்கரி எரிச்ச காலத்துப் புகை. பக்கத்துலயே ரயில் வேற. கல்லுல படிஞ்சு கறுத்துப் போச்சு" என்றேன். உள்ளே போனார்கள். ஒரு பக்கம் 2007இல் வைத்த பெரிய கண்ணாடி ஜன்னல், 72 நிறத்தில் சதுரம் சதுரமாக. வெயில் இல்லாத நாளிலும் தரையில் லேசாக நிறம் விழுந்திருந்ததாம். அத்தை அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சாமி எந்தச் சாமியா இருந்தா என்ன, உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு தெற்குக் கோபுரம். மொத்தம் 533 படி, பெரும்பாலும் சுழல்படி. எதிரில் ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நூறாவது படியில் போன் சிக்னல் போனது. பாதி வழியில் 24 டன் எடையுள்ள மணி ஒன்று தொங்குகிறது. 1923இல் வார்த்தது. அதைப் பார்க்கும் சாக்கில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்களாம். "ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அடுப்பு முன்னால நிக்கிற காலுடா இது, படியா நம்மள ஜெயிக்கும்?" என்று மாமா பிறகு சொன்னார். ஆனால் உச்சிக்கு முதலில் போனது அத்தைதானாம்.

மேலிருந்து ரைன் நதியும் பாலமும் தெரிந்தன. இறங்கி வந்து ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார்கள். சோறு ஐஸ் கட்டி மாதிரி ஆகிவிட்டது. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிறது, கழற்றாவிட்டால் சாப்பிட முடியாது. கடைசியில் ஆளுக்கு ஒரு கை மட்டும் கழற்றிச் சாப்பிட்டார்களாம். காப்பிக் கடை எதிரிலேயே இருந்தும் ஒரு காப்பிதான் வாங்கி இரண்டு பேரும் குடித்ததாக அத்தை வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

பாலத்துக்குப் பெயர் ஹோஹென்சொல்லர்ன் பாலம். 1911இல் திறந்தது. 1945இல் போர் முடியும் சமயம் ஜெர்மன் படையே அதைத் தகர்த்தது. பிறகு திரும்பக் கட்டினார்கள். நகரத்தின் நடுப்பகுதி முழுவதும் குண்டு விழுந்து தரைமட்டமானபோதும், பேராலயம் மட்டும் அடிபட்டு நின்றுகொண்டிருந்தது. இப்போது பாலத்துக் கம்பி வேலி முழுக்கப் பூட்டு. காதலர்கள் பெயர் எழுதிப் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் போடுகிறார்கள். "நம்மளும் ஒண்ணு போடலாமா?" என்று அத்தை கேட்க, "இருக்கறது வீட்டுப் பூட்டு ஒண்ணுதான். அதையும் பூட்டிட்டு வந்தா ராத்திரி எங்க படுக்கறது?" என்றாராம் மாமா.

மெக்கானிக்கல் நண்பர்கள் கோபிக்கக் கூடாது, உங்களுக்கும் இங்கே பங்கு உண்டு. பாலத்துக்கு அக்கரையில் டொய்ட்ஸ். 1876இல் நிக்கோலஸ் ஆட்டோ நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை உருவாக்கிய இடம். ரயில் நிலையத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்துக்கே அவர் பெயர்தான். நம் விடுதி வாசலில் நிற்கும் பைக்குகளுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு.

அத்தைக்குப் பங்கு வேறு. காய்ச்சல் வந்தால் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, ஓடிகோலன்? 'கொலோன் தண்ணீர்' என்பதுதான் அதற்கு அர்த்தம். 1709இல் தொடங்கிய ஃபரீனா வீட்டாரின் வாசனைக் கடை இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. அத்தை அங்கே போய் மணிக்கட்டில் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் முகர்ந்துகொண்டே வந்தாராம். "எங்க ஆத்தா ஞாபகம் வந்துருச்சுடா" என்றார்.

மணி ஐந்துகூட ஆகவில்லை, அங்கே இருட்டிவிட்டது. இங்கே இரவு ஒன்பதரை. ரயில் நிலையத்துக்குள் சூடாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு மாமா திரும்பக் கூப்பிட்டார்.

"ஆமா மாப்ள, இதைக் கட்ட எத்தன வருஷம் ஆச்சு?"

"632 வருஷம் மாமா. 1248இல் ஆரம்பிச்சு 1880இல் முடிச்சாங்க. நடுவுல முந்நூறு வருஷம் வேலையே நடக்கல. பணம் இல்ல, ஆர்வமும் போயிருச்சு. தெற்குக் கோபுரம் பாதியில நின்னுது. அதுமேல இருந்த மரக் கிரேன் நாலு தலைமுறையில்ல, நானூறு வருஷம் அப்படியே நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஊர் அடையாளமே அதுதான்."

"அப்புறம் எப்படி அதே மாதிரி கட்டினாங்க? பழைய மேஸ்திரி எவனும் இருந்திருக்க மாட்டானே?"

"டிராயிங் இருந்துச்சு மாமா. தோல்ல வரைஞ்சது. நாலு மீட்டர் உயரம். அது ரெண்டா பிரிஞ்சு தொலைஞ்சு போச்சு. ஒரு பாதி 1814இல் டார்ம்ஸ்டாட் ஊருல கெடைச்சுது. பயறு காயப் போட வச்சிருந்தாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. இன்னொரு பாதி 1816இல் பாரிஸ்ல. அதை வச்சுத்தான் 1842இல் மறுபடி ஆரம்பிச்சாங்க."

"அப்ப எல்லாத்துக்கும் டிராயிங்தான் மூலம்னு சொல்லு. நீ அதுல எத்தன மார்க்குடா?"

மாமா சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு காப்பியை இரண்டாகப் பங்கிட்டுக் குடித்த மனிதரிடம் அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. "ஃபெயில் மாமா. ரெண்டு தடவ. படிப்பை நிறுத்திரலாம்னு இருக்கேன்" என்றேன்.

அந்தப் பக்கம் ரயில் அறிவிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மாமா கோபமாகத்தான் பேசினார். "ஃபெயிலானதுக்குத் திட்டல. மறைச்சியே, அதுக்குத் திட்டறேன். நான் ஒம்பதாவதுல நின்னப்ப 'திரும்பப் போடா'ன்னு சொல்ல ஒருத்தர் இல்ல. உனக்கு நாங்க இருக்கோம்ல?"

அத்தை போனை வாங்கினார். "தம்பி, முந்நூறு வருஷம் வேலை நின்னப்பவும் அந்த ஊருக்காரங்க கிரேனைக் கீழ எறக்கலேன்னு நீதானே சொன்ன? நீ மட்டும் ஏன் எறக்கற?" என்றார். பிறகு, "ரயில் வந்துருச்சு, சாப்ட்டுத் தூங்கு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அப்பாவிடமும் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. என் வினாத்தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். வாசலில் கிடந்த செங்கல்லை எடுத்து அடுக்கினார். "இப்ப மேல இருந்து பாரு. இப்பப் பக்கத்துல உக்காந்து பாரு" என்றார். படிக்கத் தெரியாத அப்பா எனக்கு முன் தோற்றமும் மேல் தோற்றமும் சொல்லிக்கொடுத்தார். ஏப்ரலில் எழுதினேன். 52 மதிப்பெண். பெரிய மார்க் இல்லை. ஆனால் பாஸ்.

இந்த மலரைப் படிக்கும் நண்பர்களில் அரியரோடு இருப்பவர்கள் பலர் என்று எனக்குத் தெரியும். அறிவுரை சொல்ல எனக்கு வயதும் இல்லை, மார்க்கும் இல்லை. கிரேனை இறக்காதீர்கள், அவ்வளவுதான். வீட்டில் மறைக்கவும் வேண்டாம்.

மாமா போன வாரம் கேட்டார், "மாப்ள, அடுத்த திங்கக்கிழமை எங்க போகலாம்?" வூப்பர்டால் என்று ஓர் ஊர். அங்கே 1901இலிருந்து ரயில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஓடுகிறது. வரிசை போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ஆளுக்கு ஒரு காப்பி குடிக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்