உப்புக் காற்று

ஆரோவில்லில் நான் தங்கிய அறையின் பூட்டு, சாவியை வாங்கிக்கொண்டதே தவிர, திருப்பித் தர மறுத்துவிட்டது. தேங்காயெண்ணெய் விட்டுக் கெஞ்சிய பிறகே மனமிரங்கிற்று. மேஜை மீதிருந்த உப்புச் சிமிழோ, எத்தனை தட்டியும் ஒரு பொடி உதிர்க்கவில்லை. 1968 பிப்ரவரி 28-ல் 124 நாட்டு மண்ணைத் தாழியில் இட்டுத் தொடங்கிய நகரம்! ஆனால் கடற்காற்றுக்கு உள்ளூர்ப் பூட்டு, வெளியூர்ப் பூட்டு என்ற பேதம் ஏது?

மறுநாள் வடக்கே மரக்காணம் போனேன். புரட்டாசி வெயிலில் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாளிடம் சிமிழின் கதையைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக்கொள்ளும் என்று என் படிப்பையும் காட்டினேன்.

அம்மாள் சிரித்தாள். "சிமிழைத் துணி போட்டு மூடலாம். பாத்தியிலே மழை பேஞ்சா எதைப் போட்டு மூடுறது, தம்பி?"

ஐப்பசி பிறந்தால் மழை. மார்கழி வரை உப்பளத்தில் வேலை இல்லை. எங்கோ வீட்டு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

அப்போது அவள் இடுப்பில் செல்போன் மணி அடித்தது. உப்புக் கையை முந்தானையில் துடைத்து எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திருப்பிக் கூப்பிட்டால், காசு தீர்ந்துவிட்டது என்றது குரல்.

என் போனை நீட்டினேன். மூன்றாம் முறை லைன் கிடைத்தது. "நாளைக்கு வரச் சொல்றாங்க!" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

அன்றிரவும் பூட்டு மக்கர் செய்தது. ஏனோ, திட்டத் தோன்றவில்லை.