மல்லாட்டைக் கொல்லையில் ஒரு தொலைநோக்கி

திருவண்ணாமலை மலைக்கு நேர் தெற்கே, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது அந்த ஒன்றரை ஏக்கர். கிணற்றுப் பாசனம். கார்த்திகைப் பட்டத்தில் மல்லாட்டை, மீதி நாளில் கம்போ உளுந்தோ. அப்பா முழுநேர விவசாயி. மகன் டவுனில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்பு அவன் சேர்த்து வைத்த பணத்தில் ஒரு தொலைநோக்கியும் பழைய கேமராவும் மோட்டார் வைத்த தாங்கியும் வாங்கி வந்தான். மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல கறவை மாட்டின் விலை. அப்பா கணக்குக் கேட்டார். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மாடு வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

தொலைநோக்கி ஐந்து அங்குலக் கண்ணாடி வைத்தது. நிலாவில் பள்ளம் தெரியும், சனி கிரகத்தின் வளையம் தெரியும். அதைக் காட்டினால் வீட்டில் எல்லோரும் "அடேங்கப்பா" என்பார்கள். ஆனால் மகனுக்கு ஆசை அதற்கும் அப்பால். நட்சத்திரக் கூட்டங்கள், வாயு மேகங்கள், வேறு பால்வெளிகள். இவற்றைக் கண்ணால் பார்த்தால் மங்கலாக ஒரு புகை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நம் கண் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது. கேமரா சேர்த்து வைக்கும். மழைநீரைத் தொட்டியில் பிடிப்பது போல, அரை நிமிடம் திறந்து வைத்தால் அரை நிமிட வெளிச்சம் அதில் விழும். அப்படி நூறு படம் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், படத்தில் இருக்கும் புள்ளிப்புள்ளியான கசடு பத்தில் ஒரு பங்காகக் குறையும். உண்மையான வெளிச்சம் மட்டும் எழுந்து நிற்கும். அடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் என்று அவன் இரண்டைப் பயன்படுத்துகிறான்.

சொல்லும்போது சுலபம். முதல் மாதம் எடுத்த படமெல்லாம் நட்சத்திரத்துக்குப் பதில் கோடு கோடாக வந்தது.

காரணம் பூமி சுற்றுவது. மணிக்கு 15 டிகிரி வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தாங்கியில் இருக்கும் மோட்டார் அதே வேகத்தில் தொலைநோக்கியை எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். அதற்குத் தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். திருவண்ணாமலையில் துருவ நட்சத்திரம் வடக்கே தரையிலிருந்து 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி விரலை மடக்கினால் அந்த முஷ்டி சுமார் 10 டிகிரி. அதைவிடக் கொஞ்சம் மேலே, அவ்வளவே. இந்தக் கொல்லையிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் நட்சத்திரம் இல்லை, மலை இருக்கிறது. 2,668 அடி மலை அப்படியே மறைத்துக்கொள்கிறது. ஊரெல்லாம் எந்த மலையைப் பார்த்துக் கும்பிடுகிறதோ அதே மலை இவனுக்கு இடைஞ்சல். வேறு வழியில் சரி செய்தான். கிழக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது படத்தில் மேலே நகர்கிறதா கீழே நகர்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தாங்கியை அங்குலம் அங்குலமாகத் திருப்பினான். அதற்கே ஐந்து ராத்திரி போயிற்று. திருப்பிய இடத்தில் மூன்று கல்லைப் புதைத்து அடையாளம் வைத்துவிட்டான்.

அடுத்த சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மோட்டார் கொட்டகை மேல் அப்பா ஒரு 50 வாட்ஸ் ஃபோகஸ் லைட் மாட்டியிருந்தார். கேபிள் திருட்டு ஒரு பக்கம், காட்டுப்பன்றி ஒரு பக்கம். காய் பிடிக்கும் நேரத்தில் ஒரே ராத்திரியில் பத்து சென்ட் மல்லாட்டையைப் பன்றி உழுதுவிட்டுப் போன அனுபவம் அவருக்கு உண்டு. மகனுடைய படங்களிலோ வானம் கறுப்பாக இல்லை, நீர்த்த பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"அப்பா, அந்த லைட்ட நிறுத்துப்பா."

"நீ வந்து பன்னி ஓட்றியா?"

இருவர் கேள்வியும் நியாயம்தான். அந்த வருடம் மார்கழி முழுக்க இதே பேச்சு.

ஒரு நாள் இருவரும் போளூர், ஜமுனாமரத்தூர் வழியாக ஜவ்வாது மலையேறிக் காவலூர் போனார்கள். அப்பாவுக்குச் சாமை விதை விசாரிக்கும் வேலை இருந்தது, மகனுக்கு அங்கிருக்கும் வானாய்வகம். அது மலைமேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே இருக்கிறது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு ஆரம்பித்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு. அவரும் மாணவனாக இருக்கும்போதே சொந்த ஆர்வத்தில் வானம் பார்த்தவர்தான். 1949-ல் அமெரிக்காவில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கிரகத்துக்கும் வளையம் இருப்பதை உலகில் சில இடங்களில் பதிவு செய்தார்கள். அதில் காவலூரும் ஒன்று. 1986-ல் நம் நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது, பாப்பு அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1988-ல் ராஜமோகன் என்ற வானியலாளர் இங்கே எடுத்த படத்தில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இதில் பாதி பிடிபடவில்லை. "இந்தக் காட்டுல கொண்டாந்து ஏன் வெச்சாங்க?" என்று கேட்டார். "இருட்டுக்காகத்தான்" என்றான் மகன். திரும்பி வரும் வழியில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். சின்ன வயதில் களத்துமேட்டில் படுத்து எண்ணிய நட்சத்திரமெல்லாம் மலைமேல் அப்படியே இருந்தது. போளூர் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று.

விளக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்த விஷயம் வேறொன்று. கோடை மழை பெய்து நிலம் நனைந்ததும் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சி மண்ணிலிருந்து கிளம்பும். அந்த நேரத்தில்தான் விளக்குப்பொறி வைக்கச் சொல்வார்கள், கொல்லையோரம் சொக்கப்பானை மாதிரி தீ மூட்டச் சொல்வார்கள். பொறியில் விளக்குக்குக் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு இருக்கும். வருகிற பூச்சி அதில் விழுந்து சாகும். தட்டே இல்லாமல் ராத்திரி முழுக்க எரியும் ஃபோகஸ் லைட் பூச்சியை விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரிதான். போன வைகாசியில் கொட்டகைச் சுவர் முழுக்க அந்துப்பூச்சி அப்பிக்கிடந்ததை அவரே பார்த்தார். அதையும் இதையும் சேர்த்து யோசித்திருப்பார் போலிருக்கிறது. காவலூர் போய் வந்த மறுவாரம், மகனிடம் எதுவும் சொல்லாமல் ஒரு பழைய எண்ணெய் டின்னை வெட்டி லைட்டுக்குக் குல்லா போட்டுவிட்டார். வெள்ளை லைட்டை மாற்றி மஞ்சள் லைட் போட்டார், அதற்குப் பூச்சி குறைவாக வரும். வெளிச்சம் மேலே போகாமல் தரையில் விழுந்தது. முன்னைவிடப் பாத்தி நன்றாகத் தெரிகிறது என்று அவரே சொன்னார். மகனுக்கு முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக் கால்வாசி, ரோட்டோரக் கல்யாண மண்டபத்தின் விளக்குகள். அதற்கு யார் குல்லா போடுவது?

திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கார்த்திகை என்றால் தீபம். மலை உச்சியில் கொப்பரையில் ஏற்றும் தீபம் பதினொரு நாள் எரியும். ஆனால் தீபத்தன்று கார்த்திகை நட்சத்திரத்தைப் பார்த்தவர்கள் குறைவு. பௌர்ணமி நிலா அதன் பக்கத்திலேயே நிற்பதால்தான் அந்த மாதத்துக்கே அந்தப் பெயர். அந்த நிலா வெளிச்சத்திலேயே அது கரைந்தும் போகும். கிரிவலக் கூட்டம் நிரம்பும் பௌர்ணமி ராத்திரிகளில் மகன் தொலைநோக்கியை உறையிலிருந்தே எடுப்பதில்லை. அவனுக்கு அமாவாசைதான் நல்ல நாள்.

போன தை அமாவாசைக்கு வானம் துடைத்தது போல இருந்தது. கார்த்திகைக் கூட்டம் தலைக்கு நேரே நின்றது. அன்று அப்பா லைட்டையே அணைத்துவிட்டார். கயிற்றுக் கட்டிலைக் கொல்லைக்குக் கொண்டுவந்து, கையில் ஒரு டார்ச், தட்டுவதற்கு ஒரு தகர டின், போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி. "பன்னிய நான் பாத்துக்கறேன், நீ ஒன் வேலையப் பாரு" என்றார். ஏழரைக்கு ஆரம்பித்து, அரை அரை நிமிடமாக இருநூறுக்கு மேல் படம். நடுவில் பனி இறங்கிக் கண்ணாடி மங்கியது, அம்மாவின் பழைய முடி உலர்த்தியை நீட்டிப்பு ஒயரில் மாட்டி ஊதினான்.

மறுநாள் அடுக்கி முடித்த படத்தைச் செல்போனில் ஆயாவிடம் காட்டினான். கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை, படத்தில் நூற்றுக்கணக்கில். பெரிய நட்சத்திரங்களைச் சுற்றி நீலப் புகை. அது புகையில்லை, வழியில் குறுக்கிட்ட தூசி மேகம், நட்சத்திர வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது என்று விளக்கினான். அந்த வெளிச்சம் கிளம்பி ஏறக்குறைய 440 வருடம் ஆகிறது, நம்ம கோயில் ராஜகோபுரம் கட்டி முடித்த காலத்தை ஒட்டிக் கிளம்பியது என்றும் சொன்னான். ஆயா படத்தை அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆறு பேருன்னுதானே சொல்லுவாங்க, இவ்வளவு பேரா!" என்றாள்.

அப்பா படத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாயந்திரம் பால் ஊற்றப் போன இடத்தில் சொசைட்டிக்காரரிடம் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி பதினொரு மணி சுமாருக்குப் பன்றி வந்தது உண்மை. அவர் டின்னைத் தட்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் தாங்கியின் ஒரு காலில் இடித்துவிட்டார். கடைசி ஒன்பது படம் வீண். மல்லாட்டையில் நாலு செடிதான் போயிற்று.